வரகுக்கு மாறினா மாத்திரையை நிறுத்திடலாமா? பெரம்பலூர், அரியலூர் தட்டில் சர்க்கரை எங்கே ஒளிஞ்சிருக்கு?

பெரியப்பாவின் வலது காலில் கருவேல முள் குத்தியது இரண்டு நாள் வரை அவருக்கே தெரியாது. சிமென்ட் தரையில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறை இருப்பதைப் பார்த்து, பெரியம்மாதான் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். குதிகாலுக்குப் பக்கத்தில் முள் முறிந்து உள்ளேயே நின்றிருந்தது. சுற்றிலும் சீழ்.

செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் முந்திரிக்காடு, கொஞ்சம் கடலை. பெரியப்பாவுக்கு ஒன்பது வருடமாகச் சுகர். முள் குத்துவதற்கு மூன்று மாதம் முன்பு போனில் பேசியபோது, "வரகரிசிக்கு மாறிட்டேன் பாப்பா. மாத்திரையே வேணாமாம், வாட்ஸ்அப்புல வந்துச்சு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சூப்பர் பெரியப்பா." மாத்திரையை நிஜமாகவே நிறுத்திவிட்டாரா என்று கேட்கத் தோன்றவில்லை. சிறுதானியத்தின் பத்து நன்மைகள் என்று நானே இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். அவர் போனுக்கு வந்தது நான் எழுதியது இல்லை. ஆனால், அதே மாதிரிதான் இருந்திருக்கும்.

காயத்துக்குக் கட்டுப் போடும் முன்பு சர்க்கரை பார்த்தார்கள். வெறும் வயிற்றிலேயே 280-ஐத் தாண்டியிருந்தது. வரகு சாப்பிட்டும் ஏன் ஏறியது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்தான் பெரம்பலூர், அரியலூர் வீடுகளின் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

சோளம் கோழிக்கு, அரிசி நமக்கு

இந்த இரண்டு மாவட்டமும் ஒரே வீட்டில் பிறந்தவை. திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த வருடமே திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனிக்குடித்தனம் போனது. மண் மட்டும் பல விதம். பெரம்பலூர் பக்கம் கரிசல் மானாவாரி. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் செம்மண்ணும் முந்திரியும். திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக்கரை நெல் வயல்.

இதில் நெல் விளைகிற பகுதி கொஞ்சம்தான். மீதியெல்லாம் கம்பும் சோளமும் வரகும் விளைந்த மானாவாரி பூமி. அறுபது, எழுபது வயதுக்காரர்களைக் கேட்டால் களி, கூழ், சோளச்சோறு என்றுதான் சின்ன வயதுச் சாப்பாட்டைச் சொல்வார்கள். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல் சமாச்சாரம்.

இன்றைக்கு அதே கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. மக்காச்சோளம் லாரி ஏறிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. விளைவித்தவர் வீட்டில் மூன்று வேளையும் அரிசி. காலையில் இட்லி, தோசை, இல்லாவிட்டால் பழைய சோறு. மதியம் சோறு. ராத்திரி மிச்சச் சோறு அல்லது மறுபடியும் தோசை.

இதற்கு ரேஷன் அரிசியைத் திட்டுவது சிலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2011 ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அதற்கு முன்பு கிலோ ஒரு ரூபாய். பசியோடு படுத்த வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த அரிசியால்தான். அதோடு, வரகைச் சோறாக்குவது லேசான வேலை இல்லை. அடுக்கடுக்காக உமி. திருகையில் போட்டு அரைத்து, புடைத்து, திரும்ப அரைத்து, திரும்பப் புடைத்து... அத்தனையும் பெண்கள் தலையில். அரிசி வந்ததும் அவர்கள் வரகை விட்டதில் ஆச்சர்யம் ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு ஏர் ஓட்டி, களை வெட்டி, ஐந்து மைல் நடந்தவருக்குப் போட்ட அதே அளவுச் சோறு, இன்றைக்கு பைக்கில் போய் வருகிறவர் தட்டிலும் விழுகிறது.

தட்டில் இருப்பது என்ன?

ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. ஒரு லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்துப் போட்ட கணக்கு. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு இருக்கிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர்.

இதே ஆய்வுக் குழு 2025-ல் இந்தியர்களின் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை. புரதம் ரொம்பக் குறைவு.

அரிசி அளவு பற்றி இன்னொரு ஆய்வு. 21 நாடுகளில் ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேரை ஒன்பது வருடத்துக்கும் மேலாகக் கவனித்து, 2020-ல் வெளியிட்டார்கள். நம் தெற்காசியாவில், ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவிகிதம் அதிகமாக இருந்தது. 450 கிராம் என்பது வெந்த சோறு. சுமார் மூன்று கப். நம் வீட்டு அன்னக்கரண்டியால் மதியம் ஒரு வேளைக்கு விழுவதே அதை நெருங்கிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒருநாள் சாப்பிடும் முன் தட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன். என் தட்டில் 380 கிராம் இருந்தது. எனக்கு 26 வயது, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற வேலை.

வரகு செய்வதும் செய்யாததும்

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை இருக்கிறது. அதில் 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். வரகில் 66 கிராம். சோளத்தில் 68, கேழ்வரகில் 67, கம்பில் 62. வித்தியாசம் இருக்கிறது. ஆனால், மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

நார்ச்சத்தில்தான் சிறுதானியம் முந்துகிறது. அரிசியில் மூன்று கிராம்கூட இல்லாத இடத்தில் வரகில் ஆறு கிராமுக்கு மேல். கம்பு, கேழ்வரகில் 11 கிராமைத் தாண்டுகிறது. நார் இருந்தால் மாவு மெதுவாகச் செரிக்கும், ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும். இக்ரிசாட் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து, 11 நாடுகளில் நடந்த 80 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்து சிறுதானியம் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 12 சதவிகிதமும், சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை 15 சதவிகிதமும் குறைந்ததாக அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் 280-ல் 12 சதவிகிதம் போனால் மீதி எவ்வளவு? கிட்டத்தட்ட 246. மாத்திரை செய்கிற வேலையை அது செய்துவிடாது.

அரிசியைவிட நல்லது என்று சொன்னதும், 'அப்போ எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்' என்று மனசு மொழிபெயர்த்துக்கொள்கிறது. பெரியப்பா அதைத்தான் செய்தார். சோறு மூன்று கரண்டி என்றால், 'உடம்புக்கு நல்லது' என்று வரகு நாலு கரண்டி. மாத்திரையும் இல்லை. வேறென்ன நடக்கும்?

இன்னொன்று, கடையில் பளபளவென்று வெள்ளையாக இருக்கும் வரகரிசி, தினை, சாமை. நன்றாகத் தீட்டியது. தவிடு போனால் நாரும் போகும். அரிசிக்குச் செய்த அதே காரியத்தைச் சிறுதானியத்துக்கும் செய்துவிட்டு, அதன் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் பழுப்பாக, தவிடு ஒட்டியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதேபோல, நைஸாக அரைத்துக் கரைத்துக் குடிக்கும் கூழ், கஞ்சி மாவு, மால்ட் வகையறா எல்லாம் மென்று சாப்பிடும் தானியத்தைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகுக் கஞ்சியில் நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு 'சிறுதானியம்தானே' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகைச் சாப்பிட்டால் தலைசுற்றும், வாந்தி வரும், கிறக்கமாக இருக்கும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப்பிரதேசம் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்ததற்கு, பூஞ்சை பிடித்த வரகுப் பயிரில் இருந்த நச்சைத்தான் ஆய்வறிக்கைகள் காட்டின. நம்பகமான இடத்தில், காய்ந்த தானியமாக வாங்க வேண்டும்.

எவ்வளவு குறைக்கணும்?

சோறே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2022-ல் அதே இண்டியாப் குழு 18 ஆயிரம் பேரின் சாப்பாட்டுத் தகவலை வைத்து ஒரு கணக்கு போட்டது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மாவுச்சத்தைக் கலோரியில் 49 முதல் 54 சதவிகிதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவிகிதம் வரை ஏற்றினால், நோய் தணிந்த நிலைக்குப் போக வாய்ப்பு இருக்கிறது என்றது. 62-லிருந்து 54. கீட்டோ, பேலியோ என்று சோற்றுப் பானையையே கவிழ்க்கச் சொல்லவில்லை. எட்டில் ஒரு பங்கு இறக்கினால் போதும். எடை கூடியவர்கள் மொத்தச் சாப்பாட்டையும் கொஞ்சம் குறைக்க வேண்டும், நடக்கவும் வேண்டும்.

ஆனால், குறைத்த இடத்தில் ஏதாவது வைக்க வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தோற்கிறார்கள். 'டாக்டர் சோத்தக் குறைக்கச் சொன்னார்' என்று பாதி வயிறு சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். நாலு மணிக்குப் பசி கண்ணைக் கட்டும். டீக்கடையில் இரண்டு வடை, ஒரு பன், சர்க்கரை போட்ட டீ. குறைத்த சோறு வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிடும்.

அந்த இடத்தை நிரப்ப வேண்டியதில் பாதிக்கு மேல் இந்த மண்ணிலேயே விளைகிறது.

பெரம்பலூர் என்றாலே சின்ன வெங்காயம். செட்டிகுளம், பாடாலூர், நாட்டார்மங்கலம் பக்கம் பட்டறை போட்டு வைத்திருப்பதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். சின்ன வெங்காயம் சர்க்கரையை விரட்டும் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள். ஆனால், காயாகப் பார்த்தால் அது அருமையான காய். 100 கிராமில் மாவுச்சத்து 12 கிராமுக்குள்தான். குழம்பில் நாலைந்து வெங்காயம் மிதக்க விடுவதற்குப் பதிலாக, இரண்டு கைப்பிடி உரித்துப் போட்டு, கூடவே கத்திரிக்காய், முருங்கைக்காய், அவரைக்காய் சேர்த்துக் கெட்டியாக வைத்தால், சோறு தானாகக் குறையும். குழம்பு தண்ணியாக இருந்தால்தான் அதை உறிஞ்ச நிறைய சோறு வேண்டும். இது ஆய்வு முடிவு இல்லை, எங்கள் வீட்டு அனுபவம்.

அரியலூர்க்காரர்களுக்கு முந்திரி. 'ஐயோ கொழுப்பு' என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். சென்னையில் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 300 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான உணவுத்திட்டம். இன்னொரு பகுதியினருக்கு அதோடு தினம் 30 கிராம் முந்திரி, 12 வாரம். முந்திரி சாப்பிட்டவர்களுக்கு எடை கூடவில்லை, சர்க்கரையும் ஏறவில்லை. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல் கூடியது, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு குறைந்தது. கவனியுங்கள், முந்திரியால் சர்க்கரை குறையவும் இல்லை. ஒரு சின்னக் கைப்பிடி, உப்பு, நெய் போடாமல், சாயங்கால வடைக்குப் பதிலாக என்றால் நல்லது. வடைக்கு மேல் முந்திரி என்றால் எடைதான் ஏறும். தோப்பு வைத்திருக்கிறவர்களே கொட்டையை மூட்டையாக விற்றுவிட்டு, வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு எடுத்துவைக்க யோசிக்கிற நிலைமை இருப்பது வேறு கதை. முந்திரி கட்டுப்படியாகாத வீட்டில் அவித்த வேர்க்கடலை போதும்.

புரதத்துக்குப் பன்னீரும் பாதாமும் தேடி அலைய வேண்டாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு சுண்டல். ஒரு முட்டை. ஏரி மீன் கிடைக்கிற நாளில் மீன் குழம்பு. தயிர், மோர். 2025-ல் வந்த அந்த ஆய்வும், மாவுச்சத்தில் ஐந்து சதவிகிதக் கலோரியைப் பருப்பு, பயறு, பால் பொருள் புரதத்துக்கு மாற்றினாலே ஆபத்து குறையும் என்கிறது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை, சிறுதானியம் வைத்துக்கொண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் அந்தப் பலன் தெரியவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. பெரியப்பாவின் மூன்று மாதக் கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைத் தானாகக் கூட்டக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான்.

முதலில் காய், கடைசியில் சோறு

சாப்பிடும் வரிசையை மாற்றினாலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். நியூயார்க்கில் 2015-ல் ஒரு சிறிய ஆய்வு, 11 பேர்தான். ஒரே சாப்பாட்டை ஒருநாள் மாவுச்சத்து முதலில் என்றும், இன்னொரு நாள் காயும் புரதமும் முதலில் என்றும் கொடுத்தார்கள். காயும் புரதமும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சுமார் 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. 11 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் செலவில்லாத விஷயம். பொரியல், கீரை, சுண்டலை முதலில் காலி செய்துவிட்டுச் சோற்றுக்குப் போவது. நம் பழக்கத்தில் சோற்றைப் பிசைந்து, பொரியலை ஓரத்தில் தொட்டுக்கொள்கிறோம். தொட்டுக்கொள்வதைச் சாப்பாடாகவும், சாப்பாட்டைத் தொட்டுக்கொள்வதாகவும் மாற்றிப் பாருங்களேன்.

இதில் ஒரு தடை இருக்கிறது. கிராமத்து வீட்டில் பொரியல் எவ்வளவு செய்கிறார்கள்? ஐந்து பேருக்குக் கால் கிலோ அவரைக்காய். அதில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தது போகச் சட்டியில் மிஞ்சுவது தாளித்த கடுகுதான். கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கு அடிச் சோறும், மிச்சக் குழம்பும், ஊறுகாயும். ராத்திரி மிச்சமானதை 'வீணாப் போவுதே' என்று காலையில் சாப்பிடுவதும் அவர்தான். சர்க்கரை நோய் அந்தப் பெண்ணுக்கு இருந்தால், அவருக்காகத் தனியாக யார் சமைப்பார்கள்? கணவருக்குச் சுகர் வந்தால் வீடே உணவு மாறும். மனைவிக்கு வந்தால் மாத்திரை டப்பா மட்டும்தான் புதிதாக வரும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

தனிச் சமையல் எந்த வீட்டிலும் நீடிக்காது. எல்லோருக்குமே பொரியலை இரண்டு மடங்காக்கி, சோற்று உலையில் ஒரு டம்ளர் அரிசியைக் குறைப்பதுதான் நடக்கிற காரியம். அந்தச் சாப்பாடு பிள்ளைகளுக்கும் நல்லதுதான். அவர்களுக்குப் பசித்தால் அவர்கள் கூட ஒரு கரண்டி போட்டுக்கொள்ளட்டும்.

வெல்லம், பழைய சோறு, விரதம்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்கள், வெள்ளியில் போனவர்களுக்கு மாவிளக்கு வாசனை தெரியும். பச்சரிசி மாவும் வெல்லமும். பிரசாதம் ஒரு சிட்டிகை வாயில் போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் 'வெல்லம்தானே, சீனி இல்லையே' என்று உருண்டை உருண்டையாகச் சாப்பிட்டால் உடம்பு வித்தியாசம் பார்க்காது. வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான்.

பழைய சோற்றைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். சோறு ஆறிக் குளிரும்போது அதிலுள்ள மாவில் கொஞ்சம், எளிதில் செரிக்காத மாவாக மாறுகிறது. உண்மை. சுடுசோற்றைவிடச் சற்று மெதுவாகச் சர்க்கரை ஏறும். ஆனாலும் அது சோறுதான். ஒரு கிண்ணம், நிறைய மோர், சின்ன வெங்காயம், கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ. மோர் மிளகாய் மட்டும் எண்ணிக்கையோடு இருக்கட்டும், அதில் உப்பு ஏராளம்.

விரதம்தான் பயப்பட வேண்டிய இடம். புரட்டாசிச் சனிக்கிழமை கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் சாப்பாடு என்று இருப்பவர்கள், காலையில் வழக்கம்போல மாத்திரை போட்டுவிடுவார்கள். சிமென்ட் ஆலையில் ஷிப்ட் மாறும்போது சாப்பாட்டு நேரம் தப்புகிறவர்களுக்கும், வெயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல். அப்போது உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லையென்றால் இன்னொரு தடவை, பிறகு ஏதாவது சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைக்கிறவர்களுக்கும் இது நடக்கலாம். அதனால்தான் உணவை மாற்றும்போது மாத்திரை அளவையும் டாக்டர் மாற்றித்தர வேண்டியிருக்கும். நாமாக நிறுத்துவது வேறு, சர்க்கரை குறைந்ததைப் பார்த்து அவர் குறைப்பது வேறு.

அப்போ மாத்திரை இல்லாமல் வாழவே முடியாதா?

சிலருக்கு முடியும். பிரிட்டனில் டைரக்ட் என்றொரு ஆய்வு, 2017-ல் வெளியானது. ஆறு வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் மருத்துவக் கண்காணிப்போடு உணவு. ஒரு வருடம் கழித்து 46 சதவிகிதம் பேர் மாத்திரை இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் 86 சதவிகிதம். அவர்கள் எல்லாம் நல்ல பருமன். நம் ஊரில் ஒல்லி உடம்பு, தொப்பை மட்டும் என்று இருப்பவர்கள் அதிகம். குறைக்க 15 கிலோ எங்கே இருக்கிறது? பெரியப்பா மாதிரி ஒன்பது வருடம் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. ஆனால், நேற்றுத்தான் ரிப்போர்ட் வந்தது என்கிற 35 வயதுக்காரருக்கு இது பொன்னான நேரம். டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

நோய் இன்னும் வராமல் வாசலில் நிற்பவர்களுக்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு. சும்மா விட்டவர்களில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவிகிதம் பேருக்குத்தான் வந்தது.

மாத்திரைக்குப் பணம் இல்லை, அலைய முடியவில்லை என்ற காரணம் இப்போது பெரும்பாலும் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். பெரியப்பா வீட்டுக்கும் மாத்திரை வந்துகொண்டுதான் இருந்தது. வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தார். முள் குத்திய பிறகு பெரியம்மா அதை எடுத்துக் காட்டியபோது, மூன்று மாதத்து அட்டைகள் பிரிக்காமல் இருந்தன.

காயம் ஆற இரண்டரை மாதம் ஆனது. விரல் போகவில்லை, கால் போகவில்லை. கட்டு மாற்றிய நர்ஸ், தினம் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போது முந்திரிக்காட்டுக்குச் செருப்பில்லாமல் இறங்குவதில்லை. மாத்திரை தொடர்கிறது. வரகும் வாரத்தில் மூன்று நாள் தொடர்கிறது, ஆனால் அளந்து.

அளப்பது பெரியம்மாவின் டிபார்ட்மென்ட். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை அதற்கென்று ஒதுக்கிவிட்டார். சோறோ வரகோ, அதில் தலைதட்டி ஒன்று. பிறகு பொரியல் எவ்வளவு வேண்டுமானாலும். போன மாதம் நான் போயிருந்தபோது அவருக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 172. "பரவால்லயா பாப்பா?" என்று சீட்டை என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை 'சூப்பர்' சொல்வதற்கு முன்னால், மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கிண்ணத்தை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுகிறாராம். கடைசியாக மாட்டுக்கொட்டகையில், தவிட்டு மூட்டைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார் பெரியம்மா.